சிங்கப்பல்: ஒரு ஜேர்மன் மலர்ப்பெயரின் சமூக வரலாறு

ஒரு மொழியின் சொற்களஞ்சியத்திலே தாவரப் பெயர்கள் தனியிடம் பெறுவன. அரசரின் பெயர்களையும் போர்க்களங்களின் பெயர்களையும் ஏடெழுதுவோர் பேணி வைத்தனர். வயலோரத்துப் பூண்டின் பெயரையோ உழவனும் இடையனும் மருந்துப் பையைச் சுமந்து திரிந்த வைத்தியனும் விளையாடும் குழந்தையுமே பேணி வந்தனர். ஆகவே ஒரு காட்டுப்பூவின் பெயர் எங்ஙனம் தோன்றியது என வினவுமிடத்து, அப்பெயரை இட்டவர் யாவர், எத்தேவை குறித்து இட்டனர், பல பெயர்கள் வழங்கிய நிலையில் ஒன்று மாத்திரம் ஏட்டிலும் பாடநூலிலும் நிலைபெற்றமைக்குக் காரணம் யாது என்னும் வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். இவை மொழியியல் வினாக்கள் மட்டுமல்ல. சமூக வரலாற்று வினாக்களுமாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ‘லோவென்ட்சான்’ என்னும் ஜேர்மன் சொல். ஆங்கிலத்தில் ‘டான்டிலயன்’ எனப்படும் மஞ்சள்நிறப் புல்வெளிப் பூவின் பெயர் இது. ‘லோவே’ என்பது சிங்கம். ‘ட்சான்’ என்பது பல். எனவே இதனைச் ‘சிங்கப்பல்’ எனத் தமிழிற் கூறலாம். இளவேனிற் காலத்தில் ஐரோப்பியப் புல்வெளிகளை மஞ்சளாக்கி நிற்கும் இப்பூண்டின் இலைகள் நிலத்தோடு ஒட்டி வட்டமாகப் படர்வன; அவற்றின் விளிம்புகள் ஆழமாக வெட்டுண்டு பற்களைப் போலத் தோன்றுவன. உட்டுளையுள்ள தண்டொன்றின் நுனியிலே ஒரு பூத்தலை மலரும். தண்டை முறித்தால் வெண்மையான பால் வடியும். பூ முதிர்ந்தபின் வெண்பஞ்சு உருண்டையாகி, ஊதினால் விதைகள் பறக்கும். இளங்கீரை உணவாகும்; வேரும் இலையும் சிறுநீரைப் பெருக்கும் மருந்தாகும். இவ்வியல்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயருக்குக் காரணமாயினமையைப் பின்னர்க் காண்போம்.

1

இச்சொல்லை நாம் தெரிந்துகொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. பிரெஞ்சுப் படைகள் பேர்லின் நகரைப் பிடித்திருந்த 1807-1808 மாரிகாலத்தில் மெய்யியலாளர் பிக்டே ‘ஜேர்மன் தேசத்துக்கு ஆற்றிய உரைகள்’ என்னும் தொடர்ச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அவற்றுள் அவர் முன்வைத்த மொழிக்கொள்கை பிற்காலத் தேசியவாதத்துக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. ஜேர்மானியர் தம் மூலமொழியை இடையறாது பேசி வருபவர். எனவே அவர்தம் சொற்கள் வேரோடு தொடர்புடையன, பொருள் வெளிப்படையானவை, உயிருள்ளவை. இலத்தீனைப் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்ட இனத்தாரின் மொழிகளோ வேரறுந்தவை. அவற்றின் சொற்கள் பேசுவோருக்கே பொருள் விளங்காதவை. இதுவே அவர் கருத்தின் சாரம்.

இக்கருத்துக்குச் சான்று தேடுவோருக்கு ஜேர்மன் தொகைச்சொற்கள் வாய்ப்பானவை. ‘டான்டிலயன்’ என்னும் சொல்லைக் கேட்கும் ஆங்கிலச் சிறுவனுக்கு அதனுள் பல் இருப்பது தெரியாது. ‘லோவென்ட்சான்’ எனக் கேட்கும் ஜேர்மன் சிறுவனுக்குச் சிங்கமும் பல்லும் உடனே விளங்கும். மக்களின் ஆதிக் கற்பனை சொல்லிலே உறைந்து கிடக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை எனத் தோன்றும். இத்தோற்றம் மெய்தானா என்பதே நம் ஆய்வின் மையம்.

2

முதலில் சொல்லின் அமைப்பை நோக்குவோம். இத்தொகையின் நடுவே வரும் ‘என்’ என்னும் உறுப்பு, ‘சிங்கத்தினது’ எனப் பொருள்படும் ஆறாம் வேற்றுமை வடிவின் எச்சமாகும். எனவே இஃது ஆறாம் வேற்றுமைத் தொகை. ஆயினும் இச்சொல் பல்லைக் குறிப்பதன்று. சிங்கத்தின் பல்லை ஒத்த இலையையுடைய பூண்டினைக் குறிப்பது. தமிழ் இலக்கண மரபில் இதனை வேற்றுமைத் தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை என எளிதில் வகைப்படுத்தலாம்.

இனிச் சொல்லின் உறுப்புகளைத் தனித்தனியே நோக்குவோம். ‘ட்சான்’ என்பது தொன்மையான இந்தோ-ஐரோப்பியச் சொல். இலத்தீனின் ‘டென்ஸ்’, கிரேக்கத்தின் ‘ஓடூஸ்’, ஆங்கிலத்தின் ‘டூத்’, வடமொழியின் ‘தந்த’ ஆகியன இதன் உறவுகள். யானைக் கோட்டைத் ‘தந்தம்’ என நாம் வழங்கும் சொல்லும் வடமொழி வழியாக இக்குடும்பத்திலிருந்து வந்ததே. இவற்றிடையே காணப்படும் ஒலிமாற்றங்களின் ஒழுங்கை யேக்கப் கிறிம் 1822 இல் வெளிவந்த தம் இலக்கண நூலின் இரண்டாம் பதிப்பில் விளக்கினார்.

‘லோவே’ என்பதன் நிலை வேறு. ஜேர்மானியக் காடுகளில் கரடியும் ஓநாயும் உலவின, சிங்கம் உலவவில்லை. பழைய உயர் ஜேர்மனில் ‘லேவோ’ என வழங்கிய இச்சொல், இலத்தீன் ‘லேயோ’ என்பதிலிருந்து பெற்ற கடன். வேதாகமமும் உரோமப் பண்பாடும் அவ்விலங்கின் பெயரைக் கொண்டுவந்தன. கோயிற் சிற்பமும் பிரபுக்களின் கேடயச் சின்னமும் அதன் உருவத்தைப் பரப்பின. தம் வாழ்நாளில் ஒரு சிங்கத்தையேனும் காணாத உழவர், காலடியில் மிதிபடும் பூண்டினைக் கண்டவுடன் சிங்கத்தின் பல்லை நினைந்தனர் எனக் கொள்வது எளிதன்று. உவமை பிறந்த இடத்தை வேறெங்கோ தேடவேண்டியுள்ளது.

3

அவ்விடம் மத்தியகால மருத்துவ ஏடுகளாகும். அவற்றின் பொதுமொழி இலத்தீன். அம்மொழியில் இப்பூண்டு ‘டென்ஸ் லேயோனிஸ்’, அதாவது ‘பல், சிங்கத்தினது’ என வழங்கிற்று. இத்தொடர் அண்டை மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டது. பிரெஞ்சில் ‘டான் டெ லியோன்’, இத்தாலியத்தில் ‘டென்டெ டி லியோனெ’, ஸ்பானியத்தில் ‘டியென்டெ டெ லியோன்’, வேல்ஸ் மொழியில் ‘டான்ட் அ ஹ்லெவ்’ என்பன அவ்வழி வந்தவை. பிரெஞ்சு வடிவத்தையே ஆங்கிலர் கடன் வாங்கி ‘டான்டிலயன்’ எனத் திரித்துக்கொண்டனர். ஜேர்மானியரோ ஒலியை விடுத்துப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டனர். இலத்தீனிற் பின்னின்ற ஆறாம் வேற்றுமைச் சொல்லைத் தம் மொழியின் இயல்புக்கேற்ப முன்னே நிறுத்தி ஒரு தொகையாக்கினர். மொழியியலார் இதனைப் பெயர்ப்புக் கடன் என்பர்.

1485 ஆம் ஆண்டில் மைன்ட்ஸ் நகரிலே பேட்டர் ஷோஃபர் அச்சிட்டு வெளியிட்ட ‘கார்ட் டெர் கெசுன்ட்ஹைட்’ (நலத்தின் தோட்டம்) என்னும் மூலிகைநூல் இவ்வகையில் முக்கியமானது. பிராங்பேர்ட் நகர மருத்துவரான யொஹான் வொன்னெக்கெ தொகுத்த இந்நூல், ஜேர்மன் மொழியில் அச்சேறிய பெரும் மூலிகைநூல்களுள் முன்னோடியாகும். வில்ஹெல்ம் என்னும் சத்திரவைத்தியர் இம்மூலிகையை மிகுதியும் பயன்படுத்தினார் என்றும், அதன் ஆற்றலை நோக்கி அதனைச் சிங்கத்தின் பல்லுக்கு ஒப்பிட்டார் என்றும் அந்நூல் கூறுகின்றது. அவ்விடத்திலேயே இலத்தீன் பெயரும் ஜேர்மன் பெயரும் அருகருகே வருகின்றன.

இக்குறிப்பு இரு வகையிற் சிந்திக்கத்தக்கது. இலையின் வடிவமே பெயருக்குக் காரணம் என்பது இன்றைய பொது விளக்கம். அந்நூலோ மருந்தின் வலிமையையே காரணமாகக் கூறுகின்றது. சத்திரவைத்தியரைப் பற்றிய கதை பெயர் தோன்றிய பின்னர் அதனை விளக்க எழுந்த கதையாகவும் இருக்கலாம். எங்ஙனமாயினும், பெயரின் பிறப்பை அக்காலத்தவர் மக்கள் கூட்டத்திடமன்றி ஒரு தொழில்வல்லாரிடமே கண்டனர் என்பது கவனித்தற்குரியது. அவர்கள் அறிவுக்கு எட்டியவரை இது மருத்துவர்களின் சொல்.

அம்மருத்துவமும் ஐரோப்பாவில் மட்டும் விளைந்ததன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே தொலேதோ நகரில் கிரெமோனா ஜெரார்ட் முதலியோர் அறபு மருத்துவ நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்தனர். அறபு மருத்துவ ஏடுகள் வழியாகவே ‘தறக்சாக்கும்’ என்னும் பெயர் இலத்தீனுக்கு வந்தது. பாரசீகத்தில் கசப்புக்கீரையைக் குறித்த சொல்லே அதன் மூலம் என்பது பெரும்பாலோர் கொள்கை. 1753 இல் லின்னேயசு இப்பூண்டுக்கு ‘லியோன்டொடன் தறக்சாக்கும்’ எனப் பெயரிட்டார். முற்பகுதி கிரேக்கச் சிங்கப்பல். பிற்பகுதி கீழைத்தேசக் கசப்புக்கீரை. 1780 இல் ஹோல்ஸ்டைன் பகுதித் தாவரங்களைப் பற்றி எழுதிய விக்கர்ஸ் ‘தறக்சாக்கும்’ என்பதையே பேரினப் பெயராக்கினார். இன்று ‘லியோன்டொடன்’ என்பது வேறொரு பேரினத்தைக் குறிக்கின்றது. அறிவியற் பெயரிலிருந்து சிங்கம் விலகிவிட்டது. பாரசீகக் கீரை எஞ்சியுள்ளது.

ஆகவே பிக்டேயின் கொள்கைக்குச் சிறந்த சான்றாகத் தோன்றிய சொல்லே அதற்கு எதிர்ச்சான்றாகின்றது. அதன் வெளிப்படையான பொருள் வேரிலிருந்து முளைத்ததன்று, மொழிபெயர்ப்பினால் வந்தது. முற்கூறிய ஆங்கிலச் சிறுவனுக்குப் பல் தெரியாமைக்கும் ஜேர்மன் சிறுவனுக்குத் தெரிதற்கும் காரணம் இன ஆன்மாவின் வேறுபாடன்று. ஒருவர் ஒலியைக் கடன்கொண்டார், மற்றவர் பொருளைக் கடன்கொண்டார் என்பதே.

4

அங்ஙனமாயின் ஜேர்மன் உழவர் இப்பூண்டுக்குத் தாமாகப் பெயரிடவில்லையா? இட்டனர், நூற்றுக்கணக்கில் இட்டனர். 1882 இல் பிறிட்செல், யெசன் என்போர் தாவரங்களின் ஜேர்மன் நாட்டுப்பெயர்களைத் தொகுத்தனர். பின்னர் ஹைன்றிக் மார்ட்செல் (1885-1970) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்துறைக்கு அளித்தார். ‘ஜேர்மன் தாவரப் பெயர் அகராதி’ என்னும் அவரது ஐந்து தொகுதிப் பெருநூல் அவர் மறைந்தபின் 1979 இலேயே நிறைவெய்தியது. இத்தகைய தொகுப்புகளை நோக்கும்போது ‘லோவென்ட்சான்’ என்பது ஒரு பெருங்கூட்டத்தினிடையே நின்ற ஒரு பெயரென்பது புலனாகும்.

நாட்டுப்பெயர்களை அவற்றை ஆக்கிய வாழ்க்கைச் சூழல்களின்படி வகுத்துக் காணலாம். மாட்டுத்தொழுவத்தைச் சார்ந்தவை ஒருவகை: மாடு மேயும் பூவாதலின் ‘கூபுளூமெ’ (பசுப்பூ), நிறம் நோக்கி ‘புற்றர்புளூமெ’ (வெண்ணெய்ப்பூ), சுவிற்சர்லாந்தில் ‘பன்றிப்பூ’. அடுக்களையைச் சார்ந்தது இன்னொருவகை: ஒஸ்திரியாவில் இளங்கீரையைப் பறித்து உண்போர் தண்டின் துளையை நோக்கிக் ‘குழற்கீரை’ என்றனர். உடலின் அனுபவத்தைச் சார்ந்தது பிறிதொருவகை: சிறுநீரைப் பெருக்கும் இயல்பு நோக்கிப் ‘படுக்கை நனைப்பான்’ என்னும் பொருள்படப் பல வட்டாரங்களில் வழங்கினர். பயனற்ற களை என்னும் நோக்கில் எழுந்தது ‘ஹூன்ட்ஸ்புளூமெ’ (நாய்ப்பூ). நாய்த்துளசி, நாய்க்கடுகு என நாம் கூறுமிடத்தும் இதே மனப்பாங்கு உண்டு.

குழந்தைகளின் பெயர்கள் தனிச்சிறப்புடையன. தண்டுகளை வளைத்துச் சங்கிலி கோத்தமையால் ‘கெற்றென்புளூமெ’ (சங்கிலிப்பூ). வெண்பஞ்சை ஊதிப் பறக்கவிட்டமையால் ‘பூஸ்டெபுளூமெ’ (ஊதற்பூ). பின்னையதன் முதற்பகுதி வட ஜேர்மனியின் தாழ்நிலப் பேச்சிலிருந்து வந்தது. இச்சொற்களை ஆக்கியதற்கு இலத்தீன் தேவைப்படவில்லை. பூவும் மூச்சும் போதுமாயிருந்தன.

இன்னும் ஒரு பெயர் நம் கவனத்துக்குரியது. விதைகள் பறந்தபின் எஞ்சும் வழுவழுப்பான மொட்டைத் தலை, உச்சி மழித்த துறவியின் தலையை நினைவூட்டிற்று. இலத்தீன் ஏடுகள் ‘துறவித்தலை’ என எழுதின; ஜேர்மன் பேச்சில் ‘மொங்க்ஸ்கொப்ஃப்’ என்றும் ‘ப்ஃபாஃபென்’ என்னும் முன்னொட்டுடன் பாதிரிக்குழல் என்னும் பொருள்படவும் வழங்கினர். ‘ப்ஃபாஃபெ’ என்பது முதலில் மதகுருவைக் குறித்த சாதாரணச் சொல். மதச் சீர்திருத்த காலத்தின்பின் இகழ்ச்சிச் சொல்லாயிற்று. மடங்கள் பெருநிலக்கிழார்களாயிருந்து விளைச்சலிற் பத்திலொன்றை அறவிட்ட சமுதாயத்தில், ஊதினால் மொட்டையாகும் தலையைக் கண்டு உழவர் நகைத்ததில் வியப்பில்லை. எனினும் அப்பெயர் முழுவதும் எதிர்ப்புணர்விற் பிறந்ததெனக் கொள்வது மிகையாகும். பெயர் ஒன்றே, அதனைக் கூறுவோரின் குரல் காலத்தோடு மாறியது என்பதே பொருந்தும். போலிஷ் மொழியின் இன்றைய நியமப் பெயரான ‘ம்னிஷெக்’ என்பதும் சிறுதுறவி என்னும் பொருளதே.

ஏனைய மொழிகளையும் ஒப்புநோக்குதல் பயன்தரும். ஜேர்மனுக்கு நெருங்கிய உறவான ஒல்லாந்த மொழியில் நியமப் பெயர் ‘குதிரைப்பூ’. சுவீடிஷ் மொழியிற் ‘புழுரோசா’. ரஷ்ய மொழியில் ஊதுதலை அடியாகக் கொண்ட ‘அதுவான்ச்சிக்’. பிரெஞ்சு மக்களின் அன்றாடப் பெயர் ‘பிசான்லி’, அதாவது ‘படுக்கையில் சிறுநீர் கழி’ என்னும் பொருளது. வேரறுந்த மொழியினர் எனப் பிக்டே இகழ்ந்த பிரெஞ்சுக்காரர், உடலின் அனுபவத்திலிருந்து பிறந்ததும் யாவர்க்கும் பொருள் விளங்குவதுமான நாட்டுப்பெயரையே பொதுவழக்காக்கினர். உயிர்மொழியினர் என அவர் போற்றிய ஜேர்மானியரோ இலத்தீன் ஏட்டின் மொழிபெயர்ப்பைப் பொதுவழக்காக்கினர். வரலாற்றின் இந்த முரண், இனவழி மொழிக்கொள்கையின் வலுவின்மைக்குப் போதிய சான்றாகும்.

5

இத்துணைப் பெயர்களுள் ஏட்டுப்பெயர் வென்றமைக்குக் காரணம் யாது? நாட்டுப்பெயர்களின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. வெண்ணெய்ப்பூ என்பது ஓரூரில் இப்பூண்டையும் மற்றோரூரில் வேறொரு மஞ்சட்பூவையும் குறித்தது. ஊர் எல்லைக்குள் இதனால் இடையூறில்லை. மருந்துவேரை ஒரு நகரில் வாங்கி மற்றொரு நகரில் விற்கும் வணிகம் வளர்ந்தபோது, தவறான வேர் தவறான நோயாளியைச் சென்றடையும் ஆபத்து எழுந்தது. ஓரிலத்தீன் பெயரும் அதற்கு ஈடான ஒரு ஜேர்மன் பெயரும் மருந்துக்கடைக்குத் தேவையாயின. இப்பூண்டின் அறிவியற் பெயரில் இன்றும் நிற்கும் ‘ஒஃபிசினாலே’ என்னும் அடைமொழி மருந்துக்கடைக்குரியது என்னும் பொருளதே. பின்னர் அச்சும் பொதுக்கல்வியும் தேசிய அரசும் வேண்டிய நியமமொழிக்கு அவ்வேட்டுப்பெயர் ஆயத்தமாக இருந்தது. ஆகவே ‘லோவென்ட்சான்’ வென்றதைச் சூழ்ச்சி எனக் கூறுவதற்கில்லை; அது ஒரு தேவையை நிறைவேற்றியது. நாட்டுப்பெயர்களை மட்டுமே மெய்யானவை எனப் போற்றுதலும் பிக்டேயின் கற்பனைக்கு மறுபக்கமேயாகும்.

சுட்டிக்காட்டப்படவேண்டியது வேறொன்று. 1885 இல் தோன்றிய பொது ஜேர்மன் மொழிச் சங்கம் அயற்சொற்களைக் களையும் பணியை இயக்கமாக்கியது. ஒலியால் அயலெனத் தெரிந்த பிரெஞ்சு, இலத்தீன் சொற்களே அதன் பார்வையிற் பட்டன. பெயர்ப்புக் கடன்களோ உள்நாட்டு உடையணிந்து எவர் கண்ணிலும் படாது நின்றன. தூய்மை என்பது சொல்லின் வரலாற்றையன்றித் தோற்றத்தையே அளவுகோலாகக் கொண்டது. வரலாற்றை அளவுகோலாகக் கொண்டிருப்பின், தூய்மை நாடியோர் தம் புல்வெளிப் பூவின் பெயரையே விலக்க நேர்ந்திருக்கும்.

6

பெயரின் கதை இருபதாம் நூற்றாண்டில் எதிர்பாராத ஒரு திருப்பத்தை எய்தியது. றப்பர் அக்காலத்தில் குடியேற்ற நாடுகளின் விளைபொருள். 1876 இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடவில் நடப்பட்டதன் பின்னர், இலங்கையும் மலாயாவும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளும் பெருந்தோட்டத் தொழிலாளரின் உழைப்பால் உலகுக்கு றப்பரை அளித்தன. அதனைச் சார்ந்திருக்க விரும்பாத சோவியத் அரசு தன் நிலத்திலேயே பால்தரும் தாவரங்களைத் தேடிற்று. 1930களின் தொடக்கத்தில் கசாக்ஸ்தான் மலைப்பகுதியிலே சிங்கப்பல்லின் உறவான ஒரு பூண்டு கண்டெடுக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் அதனைக் ‘கொக்-சாகிஸ்’ என்றனர். ‘சாகிஸ்’ என்பது மெல்லும் பிசின். 1933 இல் தாவரவியலாளர் ரொடின் அதற்குப் பெயரிட்டபோது ‘தறக்சாக்கும் கொக்-சாகிஸ்’ என்றே எழுதினார். வேரிலுள்ள பொருள் பிசின் என்னும் அறிவு அம்மக்களின் சொல்லிலேயே இருந்தது. ஏட்டுச்சொல் மக்களிடம் இறங்கியதை முன்னர்க் கண்டோம். மக்கட்சொல் ஏட்டுக்கு ஏறியதை ஈண்டுக் காண்கின்றோம். எனினும் இன்றைய ஜேர்மன் பொதுவழக்கில் அது ‘ரஷ்யச் சிங்கப்பல்’ ஆயிற்று. பெயரிட்ட கசாக் மக்கள் அப்பெயரில் இல்லை.

1941 இல் சோவியத் நாட்டின்மீது படையெடுத்த நாஸி ஜேர்மனியும் இப்பூண்டின்மீது கண்வைத்தது. தாவர றப்பர் உற்பத்திக்கான தனிப்பொறுப்பு 1943 இல் ஹிம்லரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவுஷ்விற்ஸ் வதைமுகாமின் கிளையான றைஸ்கோவில் அமைந்த ஆய்வு நிலையத்திலே பெண் கைதிகள் இப்பூண்டைப் பயிரிட்டு, விதை தெரிந்து, வேர்களை ஆராயும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவரும் பின்னர் முகாம் அனுபவங்களை எழுதிப் புகழ்பெற்றவருமான ஷார்லொட் டெல்போ அவர்களுள் ஒருவர். போர் முடியுமட்டும் அத்திட்டம் குறிப்பிடத்தக்க அளவு றப்பரை ஈட்டவில்லை. மொழியின் தூய்மையிலிருந்து இனத்தின் தூய்மைக்குச் சென்ற ஓர் ஆட்சி, கசாக் மக்கள் பெயரிட்ட பூண்டைப் போலந்து மண்ணிலே பல நாட்டுப் பெண்களின் கட்டாய உழைப்பால் வளர்க்க முயன்றது. பிக்டேயிலிருந்து ஹிம்லருக்கு நேர்க்கோடு வரைதல் ஆய்வு நேர்மையாகாது. ஆயினும் சொற்களுக்கு இன ஆன்மா உண்டென்னும் கொள்கை வெறும் அறிஞர் விளையாட்டாக நின்றுவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

7

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, ஒரு சொல்லின் பொருள் வெளிப்படையாயிருத்தல் அது மண்ணின் சொல் என்பதற்குச் சான்றாகாது. ‘லோவென்ட்சான்’ என்னும் தொகையில் உரோமரின் சிங்கமும் இலத்தீன் மருத்துவரின் உவமையும் ஜேர்மன் இலக்கணமும் கலந்துள்ளன. அக்கலப்பே அதன் வரலாறு. அதனாற் சொல்லுக்கு இழுக்கில்லை. மற்றையது, நியமச் சொல்லின் பின்னே வழக்கிழந்த பல சொற்கள் உள்ளன. அவை தொழுவத்திலும் அடுக்களையிலும் விளையாட்டிலும் உழைத்தோரும் வாழ்ந்தோரும் ஆக்கியவை. அகராதியில் எது தலைச்சொல்லாகும், எது வட்டாரக் குறிப்பாகும் என்பதைச் சொல்லின் தகுதி மட்டும் தீர்மானிப்பதில்லை; அதனைப் பேசியவரின் சமூக நிலையும் தீர்மானிக்கின்றது.

மேற்கு ஜேர்மனித் தொலைக்காட்சியில் 1979 இல் ‘ஊதற்பூ’ என்னும் பெயருடன் சிறுவர் அறிவியல் நிகழ்ச்சியொன்று தொடங்கிற்று. 1981 முதல் அது ‘சிங்கப்பல்’ என்னும் பெயரால் வழங்கலாயிற்று. ஆயினும் வெண்பஞ்சைக் கையிலெடுக்கும் ஜேர்மன் குழந்தை இன்றும் அதனை ஊதற்பூ என்றே அழைக்கின்றது. மஞ்சட்பூவுக்கு ஏட்டின் பெயரும் வெண்பஞ்சுக்கு வாயின் பெயருமாக, ஒரே தண்டில் இரு வரலாறுகள் நிற்கின்றன. சொல்வரலாறு எழுதுவோர் இரண்டையும் ஒருங்கே எழுதுதல் வேண்டும் என்பதே நமது முடிபு.